மண்டபம் முகாம்

மண்டபம் முகாம் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் பாலத்துக்கு முன் நிலக்கரையில் அமைந்த இடைத்தங்கல் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், அங்கிருந்து தாயகம் திரும்பியோர், போருக்குத் தப்பி வந்த அகதிகள் ஆகிய மூன்று தலைமுறையினரும் இங்கே எண்ணப்பட்டு, பதியப்பட்டு, பிரித்து அனுப்பப்பட்டனர்.

தொடக்கம்

பிரித்தானியர் ஆட்சியில் இது இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம். கங்காணிகள் திரட்டிய ஆட்கள் நோய்ச் சோதனைக்காகச் சில நாள் இங்கே தங்கவைக்கப்பட்டனர். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையே அவர்களின் பயணச்சீட்டு. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் இவ்வழியே முதன்மை பெற்றது.

தாயகம் திரும்பியோர் (1964–1984)

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இத்தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவானது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை தந்தால் இந்தியா ஏழு பேரை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பங்கிடப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை என்று மலையகத் தலைவர்கள் குறைகூறினர்.

விண்ணப்பித்தோருக்குக் கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கடவுச்சீட்டு வழங்கியது. அத்துடன் குடும்ப அட்டை ஒன்றும் தரப்பட்டது. குடும்பத்தினர் பெயர்கள், தமிழ்நாட்டில் போய்ச் சேர வேண்டிய ஊர், கிடைக்கவிருக்கும் மறுவாழ்வுத் திட்டம் எல்லாம் அதில் இருந்தன. பார்த்தறியாத ஓர் ஊரின் பெயர் தம் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்க, அந்த ஒரு தாளை நம்பிக் குடும்பங்கள் புறப்பட்டன. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுத அழுகையே அந்தப் பெயருக்குக் காரணம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்தில் கரைசேர்ந்தது.

மண்டபத்தில் அட்டை சரிபார்க்கப்பட்டதும் அவரவர் திட்டப்படி அனுப்பப்பட்டனர். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் (பின்னர் டான்டீ), கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்கள், நூற்பாலைகள், தொழிற்கடன் எனத் திட்டங்கள் பல. கடன் வழங்க ரெப்கோ வங்கி 1969இல் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, வந்தவர்கள் நான்கரை லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. குழந்தைகளைச் சேர்க்காத கணக்குகள் குறைவாகக் காட்டுகின்றன. 1984இல் கப்பல் நின்றது. அட்டை பெற்றும் வர முடியாமல் பலர் அங்கேயே தங்கினர்.

அகதிகள்

1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் மக்கள் படகுகளில் வந்தனர். அவர்களிடம் அட்டை இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே நிர்வாக ஆணைகளின்படியே ஏற்பு நடந்தது. காவல்துறையின் 'கியூ' பிரிவு விசாரித்தபின் பதிவு செய்து, மாநிலமெங்கும் உள்ள முகாம்களுக்கு அனுப்பினர். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையோரக் கும்மிடிப்பூண்டியில் உள்ள முகாம் பெரியவற்றுள் ஒன்று. பதிவு உள்ளவருக்கே பணக்கொடையும் அரிசியும் கிடைத்தன. 1992 முதல் பலர் இலங்கைக்குத் திரும்பினர். விரும்பிப் போனார்களா, நெருக்கடியால் போனார்களா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அவ்வாண்டு முதல் ஐ.நா. அகதிகள் ஆணையம் திரும்புவோரின் விருப்பத்தைக் கேட்டறிந்தது.

அகதிகளாக வந்தோரில் ஒரு பகுதியினர் மலையக வம்சாவளியினர். முன்பே அழைத்துவரப்பட்டிருந்தால் குடிமக்களாகியிருக்க வேண்டிய அவர்கள், போரால் அகதிகளாக வந்தனர். இத்தகையோரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. அவ்வாண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை.

அண்மைக்காலம்

2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாறியது; 7,469 வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்கள் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டனர். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தோருக்கு, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்களித்தது. அந்த விலக்கு குடியுரிமை ஆகாது.