'ரூட்' பாஸ்வேர்ட் டீமில் எத்தனை பேருக்குத் தெரியும்? டேட்டாபேஸில் ஆளுக்கொரு கணக்கு ஏன் வேண்டும், எப்படி உருவாக்குவது?

சனிக்கிழமை ராத்திரி போன் வருகிறது. கஸ்டமர் டேபிளில் பாதி வரிகளைக் காணோம். லாகைத் திறந்து பார்த்தால், அழித்தது 'ரூட்' என்று இருக்கிறது. அந்த பாஸ்வேர்ட் டீமில் ஏழு பேருக்குத் தெரியும். போன மாசம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். இப்போது யாரைக் கேட்பீர்கள்?

சின்ன டீம்களில் இது சகஜம். ஒருத்தர் டேட்டாபேஸை நிறுவுவார், அவர் வைத்த பாஸ்வேர்ட் சாட்டில் எல்லோருக்கும் போகும், அப்ளிகேஷனும் அதிலேயே ஓடும். பிறகு அதை மாற்ற யாரும் துணிவதில்லை. மாற்றினால் எது நின்றுபோகும் என்று தெரியாது, அதுதான் காரணம்.

இதைத் தவிர்க்க ஐந்து நிமிட வேலை போதும். கமாண்டுகளை இங்கே உச்சரிப்பில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இது படிப்படியாக அமலுக்கு வருகிறது. தரவை யார் அணுகலாம் என்ற கட்டுப்பாடும், யார் அணுகினார்கள் என்ற பதிவும் அந்த விதிகள் கேட்கும் ஏற்பாடுகளில் அடக்கம்.

சைபர் சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. ஆனால் எல்லா வரியிலும் 'ரூட்' என்றே இருந்தால், 180 நாள் லாக் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

போஸ்ட்கிரஸில் எப்படி?

லினக்ஸில் போஸ்ட்கிரஸை நிறுவும்போது 'போஸ்ட்கிரஸ்' என்ற பெயரில் ஒரு சூப்பர்யூசர் உருவாகும். அந்தக் கணக்கில் இருந்துகொண்டு 'கிரியேட்யூசர்' கமாண்டை 'இன்டராக்டிவ்', 'பிடபிள்யூப்ராம்ப்ட்' என்ற இரண்டு ஆப்ஷன்களுடன் ஓட்டுங்கள். பெயரையும் பாஸ்வேர்டையும் அதுவே கேட்கும். பிறகு மூன்று கேள்விகள் வரும்: சூப்பர்யூசராக இருக்கலாமா, புது டேட்டாபேஸ் உருவாக்கலாமா, புது யூசர்களை உருவாக்கலாமா? சாதாரண அப்ளிகேஷன் கணக்குக்கு மூன்றுக்கும் 'இல்லை' என்றே சொல்லுங்கள்.

கணக்கு வந்துவிட்டது என்பதற்காக உங்கள் டேபிள்களைப் படிக்க முடியாது. அந்த உரிமையை 'கிராண்ட்' மூலம் தனியாகத் தர வேண்டும். ரிப்போர்ட் பார்ப்பவருக்கு 'செலக்ட்' மட்டும் போதும், 'டெலீட்' எதற்கு?

பலர் சிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்கீமாவில் உள்ள 'எல்லா டேபிள்களுக்கும்' என்று கிராண்ட் கொடுத்தால், அது இன்று இருக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான். நாளை உருவாகும் டேபிளுக்கும் உரிமை போக வேண்டுமென்றால் 'ஆல்டர் டீஃபால்ட் பிரிவிலெஜஸ்' தேவை. 'நேத்து வரை ஓடுச்சே' என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

மைஎஸ்கியூஎல்-லில் என்ன வித்தியாசம்?

இங்கே கணக்கு என்பது பெயர் மட்டுமல்ல; பெயரும், எந்த இடத்திலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்தது. 'ரிப்போர்ட்', லோக்கல்ஹோஸ்டிலிருந்து வந்தால் ஒரு கணக்கு. வேறு ஐபியிலிருந்து வந்தால் இன்னொரு கணக்கு. இடத்துக்கு % குறி போட்டால் எங்கிருந்தும் நுழையலாம் என்று அர்த்தம். அவசரத்தில் அதைப் போட்டு விடாதீர்கள். அப்ளிகேஷன் ஓடும் சர்வரின் ஐபியைக் கொடுங்கள்.

முதலில் 'கிரியேட் யூசர்', அடுத்து 'கிராண்ட்'. பழைய பதிப்புகளில் கிராண்ட் ஒன்றே யூசரையும் உருவாக்கிவிடும், 8.0 பதிப்பிலிருந்து அது நடக்காது. இவற்றுக்குப் பிறகு 'ஃப்ளஷ் பிரிவிலெஜஸ்' போட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தேவையில்லை, கிராண்ட் உடனே அமலாகிவிடும்.

பாஸ்வேர்டை எங்கே டைப் செய்வது?

கமாண்ட் வரியிலேயே டைப் செய்யாதீர்கள். ஷெல் ஹிஸ்டரியில் அப்படியே தங்கிவிடும். மைஎஸ்கியூஎல்-லில் 'பி' ஆப்ஷனை மட்டும் கொடுத்து என்டர் தட்டினால், பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். போஸ்ட்கிரஸில் பாஸ்வேர்ட் மாற்ற, பிஎஸ்கியூஎல்-க்குள் '\பாஸ்வேர்ட்' கமாண்ட் இருக்கிறது. அது பாஸ்வேர்டை மறையாக்கம் செய்த பிறகே சர்வருக்கு அனுப்பும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால்?

உடனே அழிக்க வேண்டாம், முதலில் பூட்டுங்கள். மைஎஸ்கியூஎல்-லில் 'அக்கவுண்ட் லாக்', போஸ்ட்கிரஸில் 'நோலாகின்'. இரண்டுமே புதிதாக உள்ளே வருவதைத்தான் தடுக்கும்; ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை நீங்களே துண்டிக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் அவர் பெயரில் டேபிள்கள் இருந்தால் கணக்கை நீக்க விடாது. 'ரீஅசைன் ஓன்ட்' மூலம் அவற்றை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, மிச்சமிருக்கும் உரிமைகளை 'டிராப் ஓன்ட்' மூலம் எடுத்துவிட்டு நீக்குங்கள். மற்ற ஆறு பேரின் வேலையும் அப்ளிகேஷனும் அதுபாட்டுக்கு ஓடும்.

இன்றைக்கே செய்யக்கூடியது

போஸ்ட்கிரஸில் '\டியூ' போடுங்கள். மைஎஸ்கியூஎல்-லில் 'மைஎஸ்கியூஎல் டாட் யூசர்' டேபிளிலிருந்து யூசர், ஹோஸ்ட் இரண்டையும் எடுங்கள். வரும் பட்டியலில் சிஸ்டம் கணக்குகளைத் தவிர மற்ற ஒவ்வொரு பெயருக்கும் கேளுங்கள்: இது யாருடையது, எதற்காக? பதில் தெரியாத கணக்கையும், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்தும் கணக்கையும் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை வேலை அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.