பேழைப் பெயர் சுமக்கும் அருவிப் பறவை

தமிழில் உழவாரன் என்று வழங்கும் பறவைக் குடும்பத்தில் சைப்சிலாய்டஸ் என்றொரு பேரினம் உண்டு. அமெரிக்க வெப்பமண்டலம் அதன் தாயகம். 1848இல் ஸ்ட்ரூபெல் வைத்த இந்தப் பெயருக்குச் 'சைப்சிலஸ் போன்றது' என்று பொருள். ஆனால் சைப்சிலஸ் என்ற பேரினப் பெயரோ இன்று வழக்கில் இல்லை.

இந்த விந்தைக்கு வேர் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. காலற்றவை என்று பொருள்படும் 'ஆபோடெஸ்' பறவைகளைச் சிலர் 'கிப்செலோய்' என்பார்கள் என்று அவர் எழுதினார். இந்த இரண்டு பெயர்களும் பிற்பாடு ஒரே பேரினத்துக்குப் போட்டியிட்டன. 1777இல் ஸ்கோபோலி முதல் பெயரை எடுத்து 'ஆபஸ்' என்றார். 1811இல் இல்லிகர் இரண்டாவதை எடுத்துச் 'சைப்சிலஸ்' என்றார். முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது அறிவியல் பெயரிடலின் நெறி. சைப்சிலஸ் தள்ளுபடியானது, அதிலிருந்து கிளைத்த சைப்சிலாய்டஸ் மட்டும் நிலைத்துவிட்டது.

கிப்செலே என்றால் கிரேக்கத்தில் பேழை. கொலைகாரர்களுக்கு அஞ்சித் தாய் பேழைக்குள் ஒளித்துவைத்த குழந்தைதான் பின்னாளில் கொரிந்து நகரை ஆண்ட கிப்செலோஸ் என்கிறார் ஹெரோடோட்டஸ். பறவைக்கும் பெயர் பேழையிலிருந்தே வந்திருக்க வேண்டும்: நுழைவதற்கு மட்டும் இடம்விட்டு, நீண்ட மண்ணறையாகக் கூடு கட்டும் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். அந்த வருணனை உழவாரனைவிடத் தகைவிலானுக்கே பொருந்தும் என்பது என் எண்ணம்.

அமெரிக்கப் பறவையின் கூட்டில் பேழை ஏதும் இல்லை. குடும்பத்தின் மற்றவை பெரும்பாலும் எச்சிலைப் பசையாக்கிக் கூட்டை ஒட்டும். இது எச்சிலைத் தொடுவதில்லை. அருவியின் சாரல் தெறிக்கும் பாறை விளிம்பில் பாசியையும் சேற்றையும் குழைத்து வட்டமாக வைக்கிறது. ஈரம் காயாதவரை கூட்டில் பாசி பச்சையாகவே இருக்கும். முட்டை ஒன்றே ஒன்று. வட அமெரிக்காவரை சென்று இனப்பெருக்கம் செய்யும் கரிய இனத்தின் கூட்டை, 1901இல் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் கடலோரப் பாறையில்தான் முதன்முதலில் விரூமன் கண்டார்.

அர்ஜென்டினா, பிரேசில் எல்லையிலுள்ள இகுவாசு அருவியில் வாழ்வது சைப்சிலாய்டஸ் செனெக்ஸ். மாலையில் கூட்டங்கூட்டமாக வந்து, கொட்டும் நீர்த்திரையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, பின்னாலுள்ள பாறையில் நகங்களை ஊன்றித் தொங்கும். செனெக்ஸ் என்றால் லத்தீனில் கிழவன். வெளிறிய தலையைப் பார்த்து 1826இல் டெம்மிங்க் வைத்தது.

பேழைப் பெயரைவிடப் பிரேசில் மக்களின் 'தபெருசு' என்ற சொல்லே எனக்கு உவப்பானது. அது தூப்பி மொழிச் சொல். பெரிய தகைவிலான் என்று பொருள். அதன் ஈற்றிலுள்ள, 'பெரிய' என்று பொருள்படும் ஒட்டுதான் 'பெருநீர்' எனப்படும் இகுவாசுவின் ஈற்றிலும் இருக்கிறது. போர்த்துகீசியம் பேசும் பிரேசில் மக்கள் அதனோடு தங்கள் மொழியில் 'கிழ' என்பதையும் சேர்த்து, 'தபெருசு வெல்யு' என்றே இந்தப் பறவையை அழைக்கிறார்கள்.