ஒன்பது சிறுமியர்

செனாயினின்று தெற்கே சென்று ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்தால் சிங்கை. அங்கே 1887-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலிய நங்கை, மெதடிஸ்ட் சபையின் ஊழியராக வந்திறங்கினார். வயது முப்பதும் நிரம்பவில்லை. மறு திங்களே ஷார்ட் தெருக் கடைவீடொன்றில் பள்ளி திறந்தார். முதல் மாணவியர் யார்? ஒன்பது தமிழ்ச் சிறுமியர்! பின்னர்ச் சீனர் இல்லந்தோறும் சென்று, பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற தாய்மாரிடம் மன்றாடினார். அக்கடைவீட்டுப் பள்ளியே மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக இன்றும் நிலவுகின்றது.

அவர்தம் மதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. தொண்டினை மறுத்தல் நேர்மையாகாது. தோட்டத்துக் கிராணியாகிய யான், சம்பள ஏட்டில் கைநாட்டு வைத்த தாய்மாரைக் கண்டு நாணியதுண்டு. ஏட்டிலே ஒரு மைக்கறை. அதன் பின்னே எழுத்தறியா வாழ்வு! அன்று அயலாள் ஒருத்தியை நம்பி மகளிரைப் பள்ளிக்கு விடுத்த தந்தையர்க்கு இருந்த துணிவு, இன்று மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்துவோர்க்கு இல்லாமற் போவதேன்?