பிரிக்காத கடிதமும் திறந்த பெட்டியும்

பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். எழுதியவரும் பெற்றவரும் மறைந்து நூறாண்டு ஆனபின் அந்தத் தடை நீங்கிவிடுமா? ஏ.எஸ். பயட்டின் 'பொசெஷன்' (1990), அஹ்தாஃப் சூயிஃபின் 'தி மேப் ஆஃப் லவ்' (1999) இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த நாட்களில் இந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. மறந்துபோன கடிதங்கள், அவற்றுள் புதைந்த காதல், அந்தக் காதலின் வாரிசுகளே அவற்றைப் படிப்பது, படிக்கும்போதே அவர்கள் வாழ்விலும் முளைக்கும் இன்னொரு காதல் என்று இரண்டுக்கும் கதைக்கட்டு ஏறக்குறைய ஒன்றுதான். முன்னது புக்கர் பரிசு பெற்றது. பின்னது அதே பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

பயட்டின் கதை ஒரு திருட்டில் தொடங்குகிறது. 1986இல் லண்டன் நூலகத்தில், விக்டோரியா காலக் கவிஞர் ஆஷ் வைத்திருந்த பழைய புத்தகம் ஒன்றுக்குள் இரண்டு கடித வரைவுகள் கிடைக்கின்றன. ரோலண்ட் என்ற ஏழை ஆய்வாளன் யாரிடமும் சொல்லாமல் அவற்றை எடுத்துச் செல்கிறான். ஆஷ், அவர் அந்தக் கடிதங்களை எழுதிய கிறிஸ்டபெல் லமாட் ஆகிய கவிஞர்கள் இருவரும் கற்பனைதான். அவர்கள் பெயரில் வரும் நீண்ட கவிதைகளையும் பயட்டே எழுதினார். கடிதங்களின் வாசனை பரவியதும் அமெரிக்கச் சேகரிப்பாளர் முதல் வழக்கறிஞர் வரை எல்லோரும் துரத்தத் தொடங்குகிறார்கள். கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கு என்ற சட்ட நுணுக்கமே கதையை ஓரிடத்தில் திருப்பிவிடுகிறது. தலைப்புச் சொல்லுக்கு உடைமை என்றும் பொருள், ஆட்கொள்ளல் என்றும் பொருள். நாவல் முழுக்க இந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன.

சூயிஃபிடம் இருப்பது ஒரு பெட்டி. நியூயார்க்கில் தாயின் பொருட்களுக்கிடையே அதைக் கண்டெடுத்த இசபெல், 1997இல் கெய்ரோவில் இருக்கும் அமல் என்பவளிடம் கொண்டுவருகிறாள். 1900இல் எகிப்துக்கு வந்து ஷரீஃப் பாஷாவை மணந்த ஆங்கிலேய விதவை அன்னாவின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் அதில் இருக்கின்றன. கூடவே அவளுடைய நாத்தனார் லைலா அரபியில் எழுதியவையும் இருக்கின்றன. அரபி தெரியாத இசபெலுக்குப் பெட்டியில் ஒரு பாதி ஊமை. இரு மொழியும் அறிந்த அமல் அதைப் பேச வைக்கிறாள். காதலர்கள் தமக்குள் பேசியதோ பிரெஞ்சு, இருவருக்குமே அயல்மொழி. இங்கே யாரும் எதையும் அபகரிப்பதில்லை. அடைக்கலமாக வந்த பொருளைத் துடைத்து வைப்பதுபோல அமல் ஒவ்வொரு தாளையும் விரிக்கிறாள்.

கடிதம் யாருக்கு எழுதப்படுகிறது என்பதில்தான் இரண்டு நாவல்களும் அடியோடு பிரிகின்றன. ஆஷும் கிறிஸ்டபெலும் பிரிந்திருப்பதால் ஒருவருக்கொருவர் எழுதுகிறார்கள். அந்தத் தாள்களுக்கு வெளியே அவர்களுக்கு வீடு கிடையாது. அன்னா காதலனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறாள். அவள் கடிதங்கள் இங்கிலாந்திலுள்ள முதல் கணவனின் தந்தைக்குப் போகின்றன. பிரிட்டிஷ் நிர்வாகி குரோமரின் ஆட்சியில் எகிப்து படும் பாட்டையும், 1906இல் தென்ஷவாயில் நான்கு கிராமத்தினர் தூக்கிலிடப்பட்ட கொடுமையையும் தன் நாட்டாருக்கு விளக்கக் காதல் அவளைக் கடமைப்படுத்துகிறது. சில பக்கங்களில் கடிதம் அரசியல் கட்டுரையாகி உயிர் வற்றுவது உண்மை. இசபெலின் காதலும் எனக்கு வெளிறித்தான் தெரிந்தது. ஆனாலும் ஒரு குடும்ப ரகசியத்துக்குள் ஒரு நாட்டின் காயத்தை வைத்த துணிவு பயட்டிடம் இல்லை.

பயட்டிடம் இருப்பது எல்லென். ஆஷின் மனைவி. கணவர் மரணப் படுக்கையில் இருக்கும்போது கிறிஸ்டபெலின் கடைசிக் கடிதம் வருகிறது. எல்லென் அதைக் கணவரிடம் காட்டவில்லை, எரிக்கவுமில்லை, பிரிக்கவுமில்லை; முத்திரை கலையாமல் அவருடனேயே புதைக்கிறாள். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தன்னைச் சிறுமைப்படுத்தும் தாளைக்கூடப் படிக்க மறுத்த ஒருத்தி! 1987 புயலிரவில் கல்லறையைத் தோண்டி அதைப் படிக்கும் அறிஞர்களுக்கு, ஆஷுக்கும் கிறிஸ்டபெலுக்கும் பிறந்த மகளைப் பற்றித் தெரியவருகிறது. அவர்களில் ஒருத்தியான மாட் அந்த மகளின் வழிவந்தவள் என்பதும் வெளிப்படுகிறது.

அவர்களுக்கும் ஒன்று தெரியாமலே போகிறது. 1868இல் ஒரு வயல்வெளியில் ஆஷ் அந்தச் சிறுமியைச் சந்தித்திருந்தார். தாயின் சகோதரி என்று அவள் நம்பியிருந்த கிறிஸ்டபெலிடம் சொல்லச் சொல்லி ஒரு வாய்ச்செய்தியும் கொடுத்தனுப்பினார். வழியில் சகோதரர்களைக் கண்டதும் குழந்தை அதை மறந்துவிட்டது.