எலும்பில் தங்கிய ஈயம்: ஈயப் பெட்ரோலின் வரலாறும் முதியோர் அறிதிறனும்

முன்னுரை

முதுமையில் தோன்றும் மறதியை வயதின் இயல்பான விளைவாகக் கருதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சுற்றுச்சூழல் மாசுக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும் என்னும் கருத்து பிற்காலத்திலேயே ஆய்வுலகில் வலுப்பெற்றது. இத்தாமதத்திற்கான காரணங்களுள் ஒன்றை ஈயம் கலந்த பெட்ரோலின் வரலாறு காட்டுகிறது. ஈயத்தின் தீங்கு எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது என்பதையும், அவ்வளவுகோல் எதனைக் காணத் தவறியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஈயப் பெட்ரோலின் தோற்றம்

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தால் எஞ்சினில் எழும் தட்டொலி அடங்குவதைக் கண்டறிந்தார். 1923இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இப்பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் மனம் பேதலித்தனர், ஐவர் உயிரிழந்தனர். ஈயம் மூளையைத் தாக்கும் என்பது அன்றே வெளிப்பட்டிருந்தது.

1925 மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இதன் பயன்பாட்டை எதிர்த்தார். ஆயினும் மறு ஆண்டு அறிக்கையளித்த அரசுக் குழு, தடைவிதிக்கப் போதிய காரணம் இல்லை என முடிவு செய்தது.

இரத்தம் என்னும் அளவுகோல்

அடுத்த நாற்பது ஆண்டுகள் இத்துறையில் ராபர்ட் கேஹோவின் கருத்தே மேலோங்கியது. ஈயம் மனித உடலில் இயல்பாகவே இருப்பது. உட்செல்லும் ஈயத்தை உடல் வெளியேற்றிவிடும். இரத்தத்தில் குறிப்பிட்ட வரம்பைக் கடக்காதவரை தீங்கில்லை என்பன அவர் வாதங்கள். அவரது ஆய்வுகளுக்கு ஈயத் தொழில்துறையே நிதியளித்தது. தீங்கை மெய்ப்பிக்கும் பொறுப்பும் எதிர்ப்பவர்மீதே சுமத்தப்பட்டது.

1965இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் இதனை மறுத்தார். பரவலாகக் காணப்படும் அளவு வேறு, இயற்கையான அளவு வேறு என்பதே அவர் முன்வைத்த வேறுபாடு. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன், குழந்தைகளின் உதிர்ந்த பாற்பற்களில் ஈயத்தை அளந்தார். நோய்க்குறி ஏதும் இல்லாத குழந்தைகளிடையேயும் பல்லில் ஈயம் மிகுந்திருந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. இரத்தம் அண்மைக் காலத்தை மட்டுமே பெரிதும் காட்டும். பல்லோ கடந்த ஆண்டுகளையும் பதிந்து வைத்திருந்தது.

எலும்பு என்னும் ஆவணம்

அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் படிப்படியாகக் குறைக்கப்பட்டபோது, மக்களின் சராசரி இரத்த ஈய அளவு 1976–80க்கும் 1988–91க்கும் இடையே 78 விழுக்காடு வீழ்ந்தது. இது பெரும் வெற்றியே. எனினும் வயது வந்தோர் உடலிலுள்ள ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் எலும்பில் தங்குகிறது. அங்கு அது பல பத்தாண்டுகள் நீடிக்கும். முதுமையில் எலும்பு தேயும்போது மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது.

எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையால் உயிருடன் உள்ளோரின் எலும்பு ஈயத்தை அளக்க முடிந்தபின் இக்கேள்வி முதியோரிடம் திரும்பியது. 50 முதல் 70 வயதினரிடம் நடந்த பால்டிமோர் நினைவாற்றல் ஆய்வின் 2006ஆம் ஆண்டு முடிவுகளில், முழங்கால் கீழெலும்பில் ஈயம் மிகுந்தவர்களின் அறிதிறன் குறைந்து காணப்பட்டது. அப்போதைய இரத்த ஈயத்துடன் அத்தகைய தெளிவான தொடர்பு தென்படவில்லை. இவ்வகை ஆய்வுகள் தொடர்பைக் காட்டுவன. அவற்றை மட்டும் கொண்டு தனிமனிதர் ஒருவரின் மறதிக்கு ஈயமே காரணம் எனத் துணிய இயலாது.

முடிவுரை

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995இல் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000இல் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் கைவிடப்பட்டது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியது. இவை விற்பனை முடிந்த ஆண்டுகள். உடலில் ஈயத்தின் தாக்கம் முடிந்த ஆண்டுகள் அல்ல. 1970இல் சென்னையில் பிறந்து வளர்ந்தவர் தம் 30ஆம் வயதை நெருங்கும்வரை அப்புகையைச் சுவாசித்தவர். 2030இல் அவர் 60 வயதை எட்டுவார். எனவே முதியோர் அறிதிறன் பற்றிய இந்திய ஆய்வுகள் இன்றைய இரத்தத்தோடு நில்லாமல், ஒருவர் எங்கு, எந்த ஆண்டுகளில் வாழ்ந்தார் என்பதையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.