மோதுகை விதியும் ஒல்லாந்துப் படகும்

1644 இல் டெக்கார்ட் வகுத்த மோதுகை விதிகளுட் பெரும்பாலானவை பிழையானவை. பருமையையும் கதியையும் பெருக்கிய அவர் திசையைக் கணக்கிற் கொள்ளவில்லை. சிறியது மோதினால் நிற்கும் பெரியது அசையாது. பெரியது மோதினால் நிற்கும் சிறியது அதனுடன் சேர்ந்து செல்லும் என்றார். ஹைகன்ஸ் ஓடும் படகொன்றில் மோதுகையை நிகழ்த்திப் பார்த்தார், சிந்தனையிலேதான். படகிலிருப்பவனுக்குச் சிறியது மோதுவது, கரையில் நிற்பவனுக்குப் பெரியது மோதுவதாகலாம். ஒரே நிகழ்வுக்கு டெக்கார்ட் இரு முடிவுகள் தருகிறார்!

கால்வாய் நாடான ஒல்லாந்திலே இப்படகு தோன்றியமை தற்செயலன்று என்பது எமது கருத்து. ஆயினும், நியூற்றனின் இயக்கவியலைக் கப்பல், சுரங்கம், பீரங்கி ஆகியவற்றின் தேவைகளோடு 1931 இல் இணைத்துக் காட்டிய ஹெசனின் நெறி (1936 இல் அவர் சோவியத் நாட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்) இவ்விடத்து முழுமையாகப் பொருந்துவதாக நாம் கருதவில்லை. 1668 இல் இலண்டன் றோயல் சங்கம் மோதுகை விதிகளை வேண்டியபோது, ஹைகன்ஸிடம் விடை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்தது.