வாயில் ஆணி வைத்திருக்கும் பையன்

மாங்கா என்றதும் நம்மில் பலருக்கு நருட்டோவும் டிராகன் பாலும்தான் ஞாபகம் வரும். ஆனால் ஜப்பானில் திகில் மாங்கா என்று ஒரு தனிக் கிளையே இருக்கிறது. அதில் பெரிய பெயர் ஜுன்ஜி இட்டோ. அவருடைய 'டோமியே'யும் 'உசுமாக்கி'யும் உலகம் முழுக்கத் தெரிந்தவை. எனக்குப் பிடித்தது அவர் படைத்த இன்னொரு ஆள், சோயிச்சி.

சோயிச்சி ஒரு கிராமத்துப் பள்ளிச் சிறுவன். எப்போதும் வாயில் இரும்பு ஆணிகளை அடக்கிக்கொண்டிருப்பான். சிரித்தால் கோரைப்பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் நன்றாகப் படிப்பவன், அக்கா நல்லவள், வீட்டில் யாரும் இவனைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆனாலும் உலகமே தனக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு, வைக்கோல் பொம்மையில் ஆணி அடித்து எல்லோருக்கும் செய்வினை வைப்பதுதான் இவன் வேலை.

இந்த ஆணிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. நாரா நகரில் எட்டாம் நூற்றாண்டு அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டியபோது, ஒரு கிணற்றுக்குள் மரத்தால் செய்த மனித உருவம் கிடைத்தது. அதன் கண்களிலும் மார்பிலும் ஆணி அறைந்திருந்தது. யார் யாருக்கு வைத்த சூனியமோ! பிற்காலத்தில் இதுவே 'உஷி நோ கொக்கு மாயிரி' என்ற சடங்கானது. இரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள், வெள்ளை உடை உடுத்தி, அடுப்பில் வைக்கும் இரும்பு முக்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்து, அதன் கால்களில் மெழுகுவர்த்தி ஏற்றி, கோயில் மரத்தில் வைக்கோல் பொம்மையை ஆணியால் அறைய வேண்டும். ஏழு இரவுகள். யாராவது பார்த்துவிட்டால் பலிக்காது.

இந்தச் சடங்கோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் கியோட்டோவின் கிஃபுனே கோயில். 'கனவா' என்ற நோ நாடகத்தில், கணவன் கைவிட்ட ஒரு பெண் அந்தக் கோயிலுக்குப் போய்ப் பேயுருக் கொள்கிறாள். கேட்க நாதியற்றவளுக்குக் கையில் கிடைத்த ஒரே ஆயுதம் அது. 1779இல் தொரியாமா செக்கியென் தன் பேய்ப் படப் புத்தகத்தில் இந்தச் சடங்கையும் வரைந்தார். (இன்றைய ஜப்பானியச் சட்ட மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள்! பொம்மையில் ஆணி அடித்துக் கொல்ல நினைப்பது கொலை முயற்சி ஆகாது என்பதற்கு இதுதான் பாடப்புத்தக உதாரணம்.)

சரி, கைவிடப்பட்ட பெண்ணின் ஆணி ஒரு சிறுவனின் வாய்க்கு எப்படி வந்தது? அதற்கு 1970களுக்கு வரவேண்டும். 1973இல் கோதோ பென் எழுதிய நாஸ்டர்டாமஸ் பற்றிய புத்தகம், 1999இல் உலகம் அழியும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. 1974இல் யூரி கெல்லர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் கரண்டியை வளைத்துக் காட்ட, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுவர் பத்திரிகைகளிலும் ஆவிக் கதைகள். 1975இல் ஷின்இச்சி கோகாவின் 'எக்கோ எக்கோ அசராக்' வந்தது. அதன் நாயகி மந்திரம் தெரிந்த ஒரு பள்ளி மாணவி.

1963இல் கிஃபு மாகாணத்தில் பிறந்த இட்டோவுக்கு அப்போது பத்து, பதினோரு வயது. அக்காமார் வாங்கும் பத்திரிகைகளில் கசுவோ உமேசுவையும் கோகாவையும் படித்து வளர்ந்தவர் அவர். பிறகு செயற்கைப் பல் செய்யும் தொழிலுக்குப் போனார். 1987இல், பெண்களுக்கான திகில் மாத இதழான 'ஹாலோவீன்' நடத்திய உமேசு பரிசுப் போட்டிக்கு 'டோமியே'யை அனுப்பினார். முதல் பரிசு இல்லை, பாராட்டு மட்டும் கிடைத்தது. 1990களில் சோயிச்சி வந்தான். கரண்டி தேய்த்த தலைமுறையின் பிள்ளை என்றுதான் எனக்கு அவனைப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆனால் இட்டோ ஒன்றை மாற்றிவிட்டார். பழைய கதைகளில் சாபம் வைப்பவளைக் கண்டால் பயம், கொஞ்சம் பரிதாபம். சோயிச்சியைக் கண்டால் சிரிப்புத்தான் வருகிறது. அவன் மந்திரம் சில நேரம் உண்மையாகவே பலிக்கும், கதையில் திகிலும் இருக்கும். ஆனாலும் கடைசியில் அடிபட்டு அலறுவது பெரும்பாலும் அவனேதான். மந்திர சக்தியைவிட, என்னை யாரும் கவனிக்கவில்லையே என்ற குமுறல்தான் அவனிடம் பெரிதாகத் தெரிகிறது.

அந்தக் குமுறலும் மந்திர ஆசையும் சிரிப்பில் முடியாத இடமும் ஜப்பானில் இருந்தது. ஓம் ஷின்ரிக்யோ குழுவின் தலைவர், தான் அந்தரத்தில் மிதப்பதாகக் காட்டிய புகைப்படம் 1985இல் ஓர் அமானுஷ்யப் பத்திரிகையில் வந்தது. அந்தக் குழுவில் நன்றாகப் படித்த இளைஞர்கள் பலர் சேர்ந்தார்கள். 1995 மார்ச் 20 அன்று அவர்கள் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவைப் பரப்பினார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அதன்பின் கொஞ்ச காலம் தொலைக்காட்சிகள் அமானுஷ்ய நிகழ்ச்சிகளைத் தொடவே தயங்கின. 'ஹாலோவீன்' இதழும் அதே ஆண்டில் நின்றது. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை.

சோயிச்சி மட்டும் நிற்கவில்லை. 2018இல் ஸ்டூடியோ டீன் நிறுவனம் இட்டோவின் கதைகளை அனிமே தொடராக்கியபோது, முதல் பகுதியிலேயே வந்து நின்றவன் இந்த ஆணிவாய்ப் பையன்தான்.